பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவே

காலில் எதுவும் இல்லாமல் புல்மேல் நடந்துகொண்டிருந்தேன். பிப்ரவரி மாதப் பனி பத்து மணிக்கும் காயவில்லை. உள்ளங்கால் சில்லென்று இருந்தது. பதினான்காவது குழியின் தொடக்க மேட்டிலிருந்து புறப்பட்டுப் பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று பின்னோக்கி நடந்தேன். கோல்ஃப் மைதானத்தில் அப்படி நடக்கக் கூடாது. ஆட்டம் ஒரு திசையில் போகும். மனிதர்களும் அந்தத் திசையில்தான் போக வேண்டும். எதிரே வந்தால் பந்து மண்டையில் விழும். அதைவிடப் பெரிய குற்றம், பெரிய மனிதர்கள் கையில் மட்டையோடு காத்து நிற்க வேண்டியிருக்கும். அன்று நான்கு பேர் அப்படிக் காத்து நின்றார்கள். ஒருவர் கையை வீசி ஓரமாகப் போகச் சொன்னார். நான் நடுவிலேயே போனேன்.

இலவ மரத்தடியில் பூப் பெருக்கிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அரே மதராஸி, உல்டா கஹாங் ஜா ரஹா ஹை?" தலைகீழாக எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"கர்" என்றேன். வீட்டுக்கு.

வீடு என்பது தில்லியில் ஜங்புராவுக்குப் பின்னால் சாக்கடையோரம் இருந்த தமிழ்க் குடிசைகளில் ஒன்று. அதில் என்னோடு இன்னும் மூன்று பேர் படுத்தோம். மழைக்காலத்தில் தகரப் பெட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைப்போம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் நான் படுத்திருந்த இடங்களுக்குக் கூரையே இருந்ததில்லை.

அந்த மைதானத்தில் ஆறு வருடம் பை சுமந்தேன். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். எண்பது பிறந்த கையோடு விட்டேன். பை சுமப்பவனுக்கு அங்கே கேடி என்று பெயர். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் மாட்டப்பட்டவன் என்று நினைப்பார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் போகும் வழியில் சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது, ஏறிவிட்டேன். பம்பாயில் மூட்டை தூக்கினேன், நாக்பூரில் ஆரஞ்சு கட்டினேன், இடார்ஸி ஸ்டேஷனில் டீ கிளாஸ் கழுவினேன். ஒரு வேலையை விட்டால் மறுநாள் காலையில் முதலில் வரும் பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கிவிடுவது என் பழக்கம். நம்பர் பார்க்க மாட்டேன். அப்படி இறங்கிய ஒரு இடத்திலிருந்து நடந்து வந்தபோதுதான் அந்த மைதானத்தின் கேட்டைப் பார்த்தேன். கேட்டில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நானும் போய்க் குந்தினேன். பித்தளை வில்லை ஒன்று கொடுத்தார்கள். அதில் என் நம்பர், நாற்பத்தொன்று.

கோல்ஃப் என்றால் பந்தை அடிக்கிற விளையாட்டு என்பார்கள். நான் பார்த்தவரை அது நடக்கிற விளையாட்டு. பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். அதில் மட்டை பந்தைத் தொடுகிற நேரத்தை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பீடி எரியாது. மீதி எல்லாம் நடை. அந்த நடையிலும் இரண்டு விதம் உண்டு. அடித்த பந்தைத் தேடிப் போகிற நடை ஒன்று. அதில் ஆடுகிற சாகிப் யாரோடும் பேச மாட்டார். பந்து எங்கே விழுந்தது, என்ன கேடு வந்தது என்பதுதான் மனசில் இருக்கும். பந்து குழிக்குள் விழுந்து, கொடியைத் திரும்ப நட்டுவிட்டு, அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் மேட்டை நோக்கிப் போவது இன்னொரு நடை. அப்போது எந்தப் பந்தும் எங்கும் கிடக்காது. தேட ஒன்றும் இல்லை. தோள் இறங்கும், வாய் திறக்கும்.

எங்களுக்குச் சட்டம் ஒன்றுதான். சாகிபுக்கு இரண்டு எட்டுப் பின்னால், இடது பக்கம். பைக்குள் மட்டைகள் இடித்துச் சத்தம் வரக் கூடாது. அவர் பேசினால் பேசலாம்; கொடி எத்தனை கெஜம் என்று கேட்டால் பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும்.

ஒருவர், மூன்றாவது குழிக்கும் நான்காவதுக்கும் நடுவே, தன் மனைவிக்குப் புற்றுநோய் என்று என்னிடம் இந்தியில் சொன்னார். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றார். பையைத் தோள் மாற்றிக்கொண்டேன். நான்காவது குழியில் அவர் அருமையாக அடித்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைப் பை தூக்கக் கூப்பிடவில்லை.

ஒன்பதாவது குழியிலிருந்து பத்தாவதுக்குப் போக ஒரு பழைய சமாதியைத் தாண்ட வேண்டும். மைதானத்துக்குள் அப்படிப் பல சமாதிகள், எந்தக் காலத்து ராஜா வீட்டு ஆட்களோ. ஒரு ஜூன் மாதம், லூ என்கிற அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. சாகிப் சமாதி நிழலில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் பையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கல்லறைக்குப் பக்கத்தில் குளிர்ந்த தரையில் நீட்டிப் படுத்தேன். கேட்டுவிட்டுச் செய்யவில்லை. அவர் எட்டிப் பார்த்தார், வெளியே காத்திருந்தார். செத்துக்கித்துப் போய்விடுவேனோ என்று பயந்திருப்பார். நானாக எழுந்து வந்தபிறகுதான் ஆட்டம் நடந்தது.

ஜனவரியில் மூடுபனி. ஒரு வயதான டாக்டர், பனி என்று வீட்டில் இருக்க மாட்டார். ஆறாவது குழியிலிருந்து ஏழாவதுக்கு வழி தெரியவில்லை. எனக்குக் கால் பழகிய வழி. நான் முன்னால் போய்க் கை தட்டுவேன், அந்தச் சத்தத்தை வைத்து அவர் வருவார். நின்று தட்டுவேன், வருவார், மறுபடி நடப்பேன். அந்த மைதானத்தில் நான் முன்னாலும் ஒரு சாகிப் பின்னாலும் நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இனி சொல்லப்போவது நேர்மையான ஆளின் கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கே கேடிகள் எல்லாருக்கும் ஒரு கைவேலை தெரியும். கைவேலை என்பது தப்பு, கால்வேலை. சாகிபின் பந்து புதரிலோ வேரடியிலோ மாட்டிக்கொண்டால், முதலில் போய்ச் சேருகிறவன் கேடி. ரப்பர் செருப்பிலிருந்து காலை உருவி, கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பந்தைக் கவ்வி, நடந்தபடியே ஒரு எட்டில் நல்ல இடத்தில் வைத்துவிட்டு மறுபடி செருப்புக்குள் காலை விட்டுக்கொள்ள வேண்டும். குனியக் கூடாது. நிற்கவே கூடாது, நின்றால் தெரிந்துவிடும். நான் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பழகினேன். ஒரு வருடத்தில் பக்கத்தில் நடப்பவனுக்குத் தெரியாமல் செய்வேன். இரண்டு வருடத்தில் காக்காய்க்குத் தெரியாமல் செய்வேன். எந்தச் சாகிபும் செய்யச் சொன்னதில்லை. செய்ததற்காகத் திட்டியதும் இல்லை. வந்து பார்ப்பார், "லக்கி" என்பார், அடிப்பார்.

எனக்கு வழக்கமாக ஒரு சாகிப் இருந்தார். தமிழர். மத்திய அரசில் பெரிய அதிகாரி. அவருடைய அப்பா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து செக்ரடேரியட்டில் கிளார்க்காக இருந்தவர். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தில்லி அரசாங்கக் குவார்ட்டர்ஸில். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது இந்த மைதானத்தின் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டு போவாராம். மெம்பர் ஆக நாற்பத்தைந்து வயது ஆயிற்று. கிளப் கூடத்தில் ஒரு மரப் பலகை உண்டு, வருடா வருடம் கோப்பை வாங்கியவர்கள் பெயரைத் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அதில் ஒரு மதராஸி பெயர்கூட இல்லை என்று என்னிடம் மூன்று நான்கு தடவை சொல்லியிருப்பார்.

என் பேச்சு அவருக்கு வேடிக்கை.

"இன்னொரு தடவை சொல்லு."

"என்ன சார் சொல்ல? அதான் சொல்லுதேன்லா, காத்து வலப்பக்கம் தள்ளுதுன்னு."

"சொல்லுதேன், தள்ளுது..." என்று சிரிப்பார். "என் பையன் கேக்கணும்டா இதை. பூசா ரோட்டுல தமிழ் ஸ்கூல்லதான் போட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தா சாப்பாடு கேக்கறதுகூட அம்மாகிட்ட 'ஜல்தி கானா தோ'ங்கறான். தமிழ் பேப்பரைக் குடுத்தா எழுத்துக் கூட்டறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருது."

இதெல்லாம் குழிக்கும் குழிக்கும் நடுவில்தான். மேட்டில் ஏறிவிட்டால், மற்றவர்கள் பக்கத்தில் வந்துவிட்டால், ஒரு தமிழ் வார்த்தை வராது. "ஏய், சாத் நம்பர் தோ" என்று கையை மட்டும் நீட்டுவார். நான் ஏழாம் நம்பர் மட்டையை எடுத்துக் கொடுப்பேன். நடையில் தம்பி, ஆட்டத்தில் ஏய். ஒரு ஆட்டத்தில் பதினேழு தடவை தம்பி ஆவேன். எனக்கு வருத்தம் இல்லை. பதினேழு என்பது குறைவும் இல்லை.

அவருக்காக நான் எத்தனை பந்து நகர்த்தியிருப்பேன் என்று கணக்கு இல்லை. அவரும் மற்றவர்களைப் போல "லக்கி" என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், பத்தாவது குழியிலிருந்து பதினொன்றாவதுக்குப் போகும்போது, தன் ஆபீஸில் பியூன் இடம் ஒன்று காலியாகிறது என்றார். "எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"இருக்கு சார். பொட்டியிலே கெடக்கு."

"அச்சா. எடுத்து வை. எத்தனை நாளைக்கு இப்படியே பஸ் ஏறி இறங்கிட்டு இருப்பே? கவர்மெண்ட் வேலைடா. குவார்ட்டர்ஸ் கிடைக்கும், பென்ஷன் கிடைக்கும். அப்புறம் உன்னை யாரும் வான்னு சொல்ல முடியாது, போன்னும் சொல்ல முடியாது."

எனக்கு முப்பது வயது ஆகியிருந்தது. ரயில்வே பிளாட்பாரத்தில் இரண்டு தடவை காய்ச்சலில் கிடந்திருக்கிறேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டேன். நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோப்பையின் இறுதி ஆட்டம். அவர் முதல்முறையாக அதுவரை வந்திருந்தார்.

இறுதி ஆட்டத்தன்று கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேடிகளுக்குக் கேன்வாஸ் ஷூ கொடுப்பார்கள். கேடி மாஸ்டர் ஒரு கோணிச் சாக்கிலிருந்து எடுத்துப் போடுவார். லேஸைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டி இரட்டை முடிச்சுப் போடுவார். ஆட்டம் முடிந்தபிறகு அவரே அவிழ்ப்பார். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை. எங்கள் கால்விரல்களை ஒரு நாளைக்குப் பூட்டி வைக்கிற பூட்டு அது. எனக்கு வந்த ஷூ இரண்டு அளவு பெரியது. நடந்தால் டப் டப் என்று வாத்து மாதிரி சத்தம்.

எதிர்ப்பக்கம் ஆடியவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சர்தார்ஜி. அவருடைய கேடி, ஜங்புராவுக்குப் பக்கத்துப் பேட்டையான போகலில் இருந்து வருகிறவன், என்னைவிடப் பழைய ஆள். முதல் குழியிலேயே என் ஷூவைப் பார்த்துச் சிரித்தான். "அரே மதராஸி, ஆஜ் தோ தூ பி சாகிப் பன் கயா." இன்றைக்கு நீயும் சாகிப் ஆகிவிட்டாய் என்று.

"உன்னுதும் அப்படித்தான்டே" என்றேன் தமிழில். அவனுக்குப் புரிந்தது.

குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டவருக்கு அந்தக் குழி; பன்னிரண்டு குழி முடிந்தபோது இருவரும் சமம். பதிமூன்றாவதில் எங்கள் சாகிபின் பந்து வலதுபுறம் கருவேலம் புதருக்குள் போயிற்று. நான் முதலில் போய்ப் பார்த்தேன். வேர் ஒன்று தரையிலிருந்து எழும்பி வளைந்திருந்தது. அந்த வளைவுக்குள் பந்து முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து அடிக்கவே முடியாது. போகல்காரனும் அந்தப் பக்கமாக வந்து, எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

சாகிப் வந்தார். பந்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். கேன்வாஸ் ஷூ. அவர் முகத்தில் அப்போது ஓடியதை நான் தெளிவாகப் பார்த்தேன். ஆறு வருடமாக "லக்கி" என்று சொன்ன மனிதர் அந்த நிமிஷத்தில் அதிர்ஷ்டத்தைத் தேடி என் காலுக்கு வந்தார்.

"ஏய், ஜண்டா தேக்" என்றார். கொடி எங்கே நட்டிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பினார். முப்பது எட்டு வைத்து முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். பந்து வேரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வெறும் மண்ணில் இருந்தது. முன்னால் வழி திறந்து கிடந்தது. அடித்தார். குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அந்தக் குழியை வென்றார்.

கொடியைத் திரும்ப நட்டுக்கொண்டிருக்கும்போது போகல்காரன் தன் சாகிபின் காதருகே ஏதோ சொன்னான். சர்தார்ஜி திரும்பிப் புதருக்குள் போனார். ஆட்டத்துக்கு நடுவராகக் கமிட்டியிலிருந்து வந்திருந்தவரும் கூடப் போனார். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும், நான் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். வேரடியிலிருந்து பந்து இழுபட்ட கோடு புழுதியில் ஒன்றரை அடிக்கு இருந்தது. கோட்டின் ஓரத்தில் ஆறேழு சின்னக் குத்து. ஆட்டக்காரர்கள் போடும் தோல் ஷூவின் அடியில் இரும்பு ஆணிகள் இருக்கும், வழுக்காமல் இருக்க. அந்த ஆணிகளின் குத்து. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, கூச்சம். இவ்வளவு மோசமாகவா ஒருவர் பந்தை நகர்த்துவார்? உழுது வைத்த மாதிரி.

நடுவர் திரும்பி வந்து, "கேடி பந்தைத் தொட்டிருக்கிறான்போல் தெரிகிறது. அடுத்த மேட்டில் விசாரிப்போம்" என்றார். சர்தார்ஜி தலையை ஆட்டினார். பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேராகக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் கேடி இருக்கிறான். கேடி தொட்டால் சாகிபுக்கு ஒரு அடி தண்டம், ஆட்டம் தொடரும், கேடியின் வில்லை போகும். சாகிபே தொட்டால் ஆட்டம் அவ்வளவுதான், பெயர் கமிட்டிக்குப் போகும், பலகையில் எந்தக் காலத்திலும் ஏறாது.

பதிமூன்றிலிருந்து பதினான்குக்குப் போகிற வழிதான் அந்த மைதானத்திலேயே நீளமானது. வேப்ப மரங்களுக்கு நடுவே ஒரு இடிந்த மதிலைச் சுற்றிக்கொண்டு போகும். மதில்மேல் எப்போதும் ஒரு மயில் உட்கார்ந்திருக்கும். சர்தார்ஜியும் நடுவரும் முன்னால் போனார்கள். எங்கள் சாகிப் மெதுவாக நடந்தார். நான் இரண்டு எட்டுப் பின்னால் டப் டப் என்று போனேன்.

"தம்பி" என்றார்.

நான் ஷூ சத்தம் வராமல் நடக்கப் பார்த்தேன்.

"கேட்டா, நீதான் பண்ணினேன்னு சொல்லிடு. தெரியாம கால் பட்டுடுச்சுன்னு சொல்லு. சின்ன விஷயம்."

"வில்லையைப் பிடுங்கிருவாங்க சார்."

"பிடுங்கட்டும். இனி உனக்கு எதுக்குடா வில்லை? வியாழக்கிழமை என் ஆபீஸ்ல உக்காரப் போறே. யோசிச்சுப் பாரு. உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

அவர் சொன்னது சரிதான். நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"ஷூ போட்டிருக்கேன் சார்."

"அதனால என்ன? ஷூவால பண்ணக் கூடாதா?"

"மண்ணுல ஆணி குத்தியிருக்கு சார். இதுல ஆணி கெடையாது."

"அதை யாரும் பாக்க மாட்டாங்க. நீ சொன்னா போதும், அதோட விட்டுடுவாங்க. அவங்களுக்கும் அதுதான் வேணும்."

மதிலின் மூலை வந்தது. மயில் கீழே பார்த்தது.

"எத்தனை தடவை எனக்காகப் பண்ணியிருக்கே" என்றார், குரலைத் தாழ்த்தி. "நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா? யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் அதை வாயால் சொன்னார். எனக்கு அது ஒரு பாராட்டு மாதிரிகூட இருந்தது.

"அப்பல்லாம் நான் செஞ்சேன் சார். செஞ்சதைச் செஞ்சேன்னு எங்க வேணாலும் சொல்லுதேன். இன்னைக்கு நான் செய்யலை."

"ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?"

"நான் செஞ்சிருந்தா கோடு விழுந்திருக்காது."

அவர் நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "ஊர்க்காரன்னு நெனச்சேன்" என்றார்.

"எந்தக் குழியிலே சார் நான் ஊர்க்காரன்? குழிக்கு நடுவிலே மட்டுந்தானே?"

கொஞ்ச தூரம் இரண்டு பேரும் நடந்தோம். பிறகு, "பலகையில ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வந்தது உண்மை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பிள்ளை அவர். நானும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன்தான். இரக்கம் வேறு, செய்யாததைச் செய்தேன் என்பது வேறு. என்னிடம் சொந்தமாக இருந்தது இரண்டு கால். அந்தக் காலின்மேல் இவ்வளவு கேவலமான ஒரு வேலையை ஏற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு நாற்காலி வாங்கி உட்கார முடியாது. உட்கார்ந்தால் தினமும் காலையில் அவருக்கு எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கும்போதெல்லாம் இந்தக் காலைத்தான் பார்க்க வேண்டும்.

பதினான்காவது மேட்டில் நடுவர் காத்திருந்தார். நல்ல இந்தியில், கோபமே இல்லாமல், பந்தை நீ நகர்த்தினாயா என்று கேட்டார். ஆமாம் என்று நான் சொல்வதற்கு அவர் தலையை முன்கூட்டியே ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"நஹி சாப்" என்றேன்.

தலை நின்றது. "அப்படியானால் யார்?"

நான் பையை இறக்கிப் புல்லில் படுக்க வைத்தேன். மட்டைகள் கலகலவென்று இடித்துக்கொண்டன. ஆறு வருடத்தில் முதல் தடவை. தரையில் உட்கார்ந்து, கேடி மாஸ்டர் போட்ட இரட்டை முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷூ இரண்டையும் திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி நடுவரின் காலடியில் வைத்தேன். மழுமழு என்று ரப்பர்.

"தேக் லீஜியே, நன்றாகப் பாருங்கள். என் ஷூ இது. அங்கே மண்ணில் இருக்கிறது வேறு ஷூ. மற்றவர்கள் ஷூவையும் பாருங்கள்" என்றேன்.

நடுவர் என் ஷூவைப் பார்த்தார். வேறு யார் ஷூவையும் பார்க்கவில்லை. யாரும் யாரையும் காலைத் தூக்கச் சொல்லவில்லை. சர்தார்ஜி தூரத்தில் இருந்த கொடியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சாகிப் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் தள்ளிப்போய் இங்கிலீஷில் பேசினார்கள். வந்து சொன்னது இது: பதிமூன்றாவது குழி யாருக்கும் இல்லை. ஆட்டம் தொடரும். கேடி மரியாதை இல்லாமல் நடந்துகொண்டதால் வில்லையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

வில்லையைச் சட்டையிலிருந்து கழற்றி இடது ஷூவுக்குள் போட்டேன். டங் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை, கேன்வாஸ்.

பையைத் தூக்க ஆள் இல்லை. எங்கள் சாகிப் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், குனிந்து தானே தூக்கிக்கொண்டார். பட்டையை எந்தத் தோளில் மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லித் தரவில்லை.

"கேட் அந்தப் பக்கம்" என்று நடுவர், பதினெட்டாவது குழி வரைக்கும் சுற்றிப் போகிற ஓரப் பாதையைக் காட்டினார். நான் திரும்பி, வந்த வழியே இறங்கினேன். பின்னால் போகல்காரன் சிரித்தது கேட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தானா, பை தூக்கிய சாகிபைப் பார்த்துச் சிரித்தானா என்று தெரியாது.

அப்படித்தான் பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று நடந்தேன். பத்தாவதிலிருந்து ஒன்பதாவதுக்கு வரும்போது சமாதிக்குள் போய் ஒரு நிமிஷம் நின்றேன். குளிர்காலத்தில் அங்கே உள்ளே நிற்க முடியாது, கல் கடிக்கும். வெளியே வந்து நடந்தேன். ஏழாவதிலிருந்து ஆறாவதுக்கு வருகிற வழியில் கை தட்டிப் பார்த்தேன், ஒரு தடவை. யாரும் இல்லை. முதல் குழியின் மேட்டில் அடுத்த ஆட்டத்துக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் புகுந்து கேட்டுக்குப் போனேன். கோப்பையை யார் வாங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில் ஜங்புரா நிறுத்தத்தில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். அது ஜனக்புரியில் கொண்டுபோய் விட்டது. அப்போது ஜனக்புரி பாதி ஊர். ஒரு பக்கம் புதுசாக வெள்ளையடித்த வீடுகள், கொடியில் காயும் துணி. இன்னொரு பக்கம் கடுகு வயலும் செங்கல் குவியலும். வயலைப் பார்த்து நடந்தேன். ஒரு ஓவர்சியர், பஞ்சாபி, முக்காலியின்மேல் அளக்கிற கருவியை வைத்துக்கொண்டு தனியாக நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கோலும் கொடியும் தூக்குகிற ஆள் காய்ச்சல் என்று வரவில்லையாம். நான் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"என்ன பார்க்கிறாய்?" என்றார் இந்தியில்.

"அந்த மரம் வரைக்கும் அளக்கப் போகிறீர்களா?"

"ஆமாம். ஏன்?"

"நூற்று நாற்பது கெஜம்" என்றேன். "மேடு இருக்கிறதால் கூடுதலாகத் தெரியும். நூற்று நாற்பதுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் போகச் சொன்னார். அளந்து பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு.

"எங்கே படித்தாய் இதை?"

"நடந்து."

வேலையைச் சொன்னார். கோலையும் சிவப்புக் கொடியையும் எடுத்துக்கொண்டு நான் முன்னால் போக வேண்டும்; அவர் பின்னால் கருவியோடு வருவார். வயல், ஓடை, முள் எல்லாம் தாண்டி மேற்கே கிராமங்கள் வரைக்கும் போக வேண்டியிருக்கும். நான்கைந்து மாதத்து வேலை. அதற்குமேல் உத்தரவாதம் இல்லை.

"ஜூத்தா மிலேகா?" என்று கேட்டேன். ஷூ கொடுப்பீர்களா?

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நஹி பையா. வெறுங்காலோ செருப்போ, உன் பாடு."

"அச்சா" என்றேன். கோலைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.